அப்பா போட்ட மதிப்பெண்

செப்டம்பர் 8, திங்கள்

போன வருடம் அகில இந்தியச் சட்ட நுழைவுத் தேர்வில் நான் தோற்றதற்கு ஆமைதான் காரணம். ஆங்கிலப் பகுதியில் கடலாமைகளைப் பற்றி நீளமாக ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். நன்றாக எழுதியிருக்கிறார்களே என்று இன்னொரு தடவை வாசித்தேன். அப்படியே ஒவ்வொரு பத்தியாக ரசித்துக்கொண்டு கணக்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. தேர்வு எழுதப் போன இடத்தில் ரசனை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று ஓசூரிலிருந்து ஜெமிமா அக்கா இன்றுவரை கேட்கிறாள்.

இந்த வருடம் டிசம்பர் ஏழாம் தேதி. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு உள்ளூர் சட்டக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. வேண்டாம் என்று சொன்னது நான்தான். பாளையங்கோட்டையில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, அப்பா வேலை பார்த்த அதே கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனசில்லை. ரயிலில் தூங்கி எழுந்தால்தான் போய்ச் சேர முடியும் என்கிற மாதிரி ஒரு ஊர் வேண்டும். ஐதராபாத் என்றால் ரொம்ப நல்லது.

செப்டம்பர் 11, வியாழன்

மாதிரித் தேர்வுகளை இனிமேல் அப்பாதான் திருத்துவார். நானே திருத்தினால் நியாயம் நடக்காது. ‘பி என்றுதான் மனசுக்குள் நினைத்தேன், கை தவறி சி-யைக் கறுப்பாக்கிவிட்டது’ என்று எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறேன். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“குத்தவாளியே தீர்ப்பு எழுதுனா வெளங்குமாட்டி? இங்க கொண்டா” என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்பா கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரை மூன்று தடவை கூப்பிடுகிற வேலை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் என்றாலும் ஏ, பி, சி, டி-யை ஒத்துப் பார்க்க அது தாராளம். கேள்விகள் ஒரு தடித்த புத்தகம். விடைகள் மட்டும் தனியாக ஒரு சின்னப் புத்தகம், தாளுக்கு ஒரு பக்கம். சின்னது இனி அவர் வசம். என் கண்ணில் படக் கூடாதென்று அம்மாவின் பைபிளுக்கு அடியில் வைத்திருக்கிறார். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

இன்றைய தாளுக்கு நூற்றிருபதுக்கு எழுபத்தெட்டு. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் தந்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

எண்பத்தொன்று. அப்பா பக்கத்து வீட்டு லில்லி சித்தியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சித்தி மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, “எப்சி, ஜட்ஜு ஆன பொறவு எங்க வாய்க்கா வழக்க மொதல்ல எடுப்பியா?” என்றாள். எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

அப்பா இப்போதெல்லாம் காலையில் நூலகத்துக்குப் போகிறார். நடப்புச் செய்திப் பகுதிக்கு எனக்காகப் பத்திரிகை வாசித்து வந்து சொல்வாராம். சொல்வதில் பாதி பழைய செய்தி. என்றைக்கோ செத்துப்போன ஒரு மந்திரிக்கு இன்று இலாகா கொடுத்தார். சிரித்தேன். நூலகத்துக்குப் போக எதற்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை என்றும் கேட்டேன். நாலு பேர் வருகிற இடம் என்றார்.

வருகிற வழியில் கொத்தமல்லி வாங்கி வந்தார். நேற்றும் கொத்தமல்லி. முந்தாநாளும். துவையல், சட்னி, ரசம் என்று வீடே பச்சையாகக் கிடக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

நாற்பத்தொன்று. தாள் கடினம் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

முப்பத்தாறு.

அக்டோபர் 16, வியாழன்

இருபத்தொன்பது. எனக்கு என்ன ஆயிற்று? எழுதும்போது நன்றாக எழுதுகிற மாதிரிதான் இருக்கிறது. சட்டப் பகுதியில் ஒவ்வொரு விடையும் கன்னத்தில் அறைந்தாற்போல் தெளிவாகத் தெரிகிறது. அப்பா திருத்தித் தந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு. குருட்டாம்போக்கில் அடித்தால்கூட இதைவிடக் கூடுதலாக வாங்கலாம் போலிருக்கிறது.

அப்பா திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “தலைக்கு எண்ணெ வச்சிக் குளி. சூடு” என்றார்.

அக்காவிடம் போனில் அழுதேன். “ஒனக்கு அவ்வளவுதான்னு தெரிஞ்சா விட்டுறேன் எப்சி. ஊருல இருக்க காலேஜுக்கு என்ன கொறச்சல்? அப்பாவுக்கும் தொணையா இருக்கும்” என்றாள். அப்பாவுக்கு எதற்குத் துணை, நன்றாகத்தானே நடமாடுகிறார் என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

படிக்கவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. நானும் போட்டு அவரும் போட்டிருக்கிறோம். அவர் போடவே இல்லை என்று சாதித்தார். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் மட்டும் முழுக்கச் சாப்பிட்டார்.

மறதி எல்லாருக்கும் வருவதுதான். நானே மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவள்.

நவம்பர் 3, திங்கள்

இருபத்தேழு. ஆனால் ஒரு கேள்வியை என்னால் விட முடியவில்லை. வாடகை வீட்டுக்காரர் கதவைப் பூட்டிய வழக்கு. அதற்கு டி-யைத் தவிர வேறு விடை இருக்கவே முடியாது. அப்பா ஏ என்று திருத்தியிருந்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன், இணையத்தில் தேடினேன், எல்லா இடத்திலும் டி-தான். அச்சுப் பிழையாக இருக்கும் என்று, அப்பா வெளியே போன பிறகு பைபிளுக்கு அடியிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். டி என்றுதான் இருந்தது.

மற்றதையும் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு. நான் வாங்கியது தொண்ணூற்று நான்கு!

எழுந்து நின்று குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், லில்லி சித்தி என்ன சத்தம் என்று கேட்கிற அளவுக்கு. பழைய தாள்களை எல்லாம் இழுத்துப்போட்டுத் திருத்தினேன். எண்பத்தெட்டு, எண்பத்தாறு, தொண்ணூற்றொன்று. பிறகு, அப்படியானால் அப்பா எதை வைத்துத் திருத்தினார் என்று தேடினேன். ஏழாம் தாளின் விடைப்பக்கம். அதில் மட்டும் ஓரமெல்லாம் சிவப்பு மை ஒட்டி, விரல் பட்டுப் பட்டு நைந்திருந்தது. ஒரு மாதமாக, ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தைத்தான் திறந்திருக்கிறார்.

மாலையில் வந்தார். கொத்தமல்லி கொண்டுவந்தார். “ஏட்டி, நாளான்னைக்கு எத்தனாவது தாளு?” என்று கேட்டுக்கொண்டே புதுச் சிவப்புப் பேனாவைக் காட்டினார். பழையதில் மை தீர்ந்துவிட்டதாம்.

அடுத்ததுதான் என்று சொல்லிப் பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

முப்பத்திரண்டு போட்டார். அவர் போன பிறகு பென்சிலால் நான் போட்டுக்கொண்டேன். தொண்ணூற்றிரண்டு.

நவம்பர் 12, புதன்

மதியம் ஆட்டோவில் அப்பாவை ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். செண்பகம் அக்கா. அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவர் இடத்தில் வந்தவர். காக்கிப் புடவையோடு வாசலில் நின்றவரைப் பார்த்ததும், நான் என்னவோ ஏதோ என்று பயந்துபோனேன். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

“பயப்படாதம்மா. அண்ணாச்சி தெனமும் கோர்ட்டுக்கு வாரவதான். வெளிய பெஞ்சுல உக்காந்துருப்பாவ. பழகுன மனுசர்னு நாங்க யாரும் ஒண்ணும் சொல்லுததில்ல.”

“தெனமுமா? நூலகத்துக்குல்லா போறேன்னு சொல்லுவாங்க.”

“ரெண்டு மாசமா அங்கனதாம்மா இருக்காவ. இன்னைக்கு நான் அந்தப் பக்கம் கேஸ் கட்டு எடுக்கப் போன நேரம், வாசப்படில வந்து நின்னு பேர் கூப்பிட்டுட்டாவ. யாரோ மாசானம் பிள்ளையாம். லிஸ்ட்லயே அப்படி ஒரு ஆளு இல்ல. எந்தக் காலத்து வழக்கோ.”

“ஜட்ஜய்யா திட்டிட்டாங்களா?”

“ஐயா எழுதிக்கிட்டு இருந்தாவ. பேனாவ வச்சிட்டு, ஒரு வக்கீல் சிரிச்சதுக்கு அவர ஒரு பார்வ பாத்தாவ. மூணு தடவயும் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தாவ. பொறவு என்னக் கூப்பிட்டு, வீட்ல கொண்டு விட்டுட்டு வாம்மான்னாவ.” செண்பகம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கொரலு மட்டும் அப்படியே இருக்கும்மா. காம்பவுண்டு கேட்டு வரைக்கும் கேட்டுது.”

காபி குடிக்கச் சொன்னேன். நேரமில்லை என்று போய்விட்டார்.

இரவு சாப்பிடும்போது அப்பா, “அந்த ஆளு வரல. அடுத்த வாய்தாவுக்கு வருவான்” என்றார். வருவார் என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் போய் வந்தோம். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு, இந்தக் கடிகாரத்தை வரையுங்கள் என்றெல்லாம் அப்பாவுக்கும் ஒரு தேர்வு வைத்தார். அப்பா வெட்கத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுக்கலாமா என்று நான் தவித்தேன். டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். எனக்கு இங்கே எழுதப் பிடிக்கவில்லை. மாத்திரை தந்திருக்கிறார். இது திரும்பாது, மெதுவாகப் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளலாம் என்றார். பழகிய வீடு, பழகிய ஆள், பழகிய வேலை, இதில் எதையும் மாற்றாமல் இருந்தால் நல்லதாம்.

வீட்டுக்கு வந்து, “எத்தன மார்க்கு போட்டாரு?” என்று கேட்டார் அப்பா. பாஸ் என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. அம்மா மேல், சீக்கிரமே போய்விட்டாள் என்று. அக்கா மேல், படுத்த படுக்கையான மாமியாரை வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்பது தெரிந்தும். ஐதராபாத்துக்குப் போக வேண்டும் என்று எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறதே, அதனால் என்மேலேயே. ஆசை கொஞ்சமும் குறையவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன், நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மதுரையில் மையம். அப்பாவை லில்லி சித்தியிடம் விட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. காலையில் அவர் எனக்கு முன்னால் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். “போன மட்டம் நான் வரல. அதான் கோட்டை விட்ட” என்றார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

கேட்டுக்குள் பெற்றோரை விடவில்லை. மற்ற அப்பாக்கள், அம்மாக்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நேரமாகிவிட்டது. பையை அவர் கையில் கொடுத்து, “அப்பா, இங்கனயே நில்லுங்க. எங்கயும் போயிராதீங்க, நான் வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இந்தத் தடவை எந்தப் பத்தியையும் ரசிக்கவில்லை. என்ன வந்தது என்றுகூட இப்போது நினைவில்லை. அப்பா நிற்கிறாரா, நிற்கிறாரா என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கை பாட்டுக்கு எழுதியது. கணக்குப் பகுதியையும் முடித்துவிட்டேன்.

வெளியே வந்தால் அப்பா நிற்கிறார். விட்ட அதே இடத்தில், கேட்டை ஒட்டி, மார்போடு பையை அணைத்துக்கொண்டு. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மரத்தடியில் இருந்த ஒரு அம்மாள் வந்து, “எவ்வளவோ கூப்ட்டுப் பாத்தேம்மா. நெழலுக்கும் வர மாட்டேன்னுட்டாரு, தண்ணியும் வேணாம்னுட்டாரு” என்றாள்.

“ஏம்ப்பா இப்படி?”

“நீதான இங்கனயே நில்லுங்கன்ன” என்றார்.

அந்த நடுரோட்டில் எனக்கு வந்த அழுகையை மற்ற பிள்ளைகள் தாள் கடினம் என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். ஒரு பெண் வந்து, எனக்கும் கணக்கு சரியில்லை, அழாதே என்று தேற்றினாள்.

டிசம்பர் 17, புதன்

கிடைத்துவிட்டது. இந்தத் தரவரிசை எண்ணுக்கு ஐதராபாத் நிச்சயம் என்கிறார்கள் எல்லோரும்.

அப்பாவிடம் சொன்னேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டை போடாமலேயே லில்லி சித்தி வீட்டுக்கு ஓடினார். அல்வா வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, “எந்த ஊருட்டி?” என்றார்.

“ஐதராபாத்துப்பா.”

“எப்பப் போணும்?”

“ஜூன்லப்பா.”

சந்தோஷம் என்றார். முகம் கழுவப் பின்பக்கம் போனவர் நெடுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பர் 18, வியாழன்

காலையில் எழுந்து வந்தால் மேஜைமேல் கேள்வித்தாள் விரித்திருக்கிறது. பக்கத்தில் சிவப்புப் பேனா. “விடிஞ்சி எவ்வளவு நேரமாச்சி? பரிச்சைய வச்சிக்கிட்டு இப்படியா தூங்குவ?” என்றார்.

“அப்பா, எழுதியாச்சு. எனக்கு எடம் கெடச்சாச்சு.”

அதே மாதிரி முகத்தைப் பிடித்துக்கொண்டார். அதே மாதிரி சித்தி வீட்டுக்கு ஓடினார். சித்தி மதிலுக்கு மேல் என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். இன்னொரு தடவை அல்வா கொடுத்தாள். திரும்பி வந்து, எந்த ஊர், எப்போது என்று கேட்டார். இன்று பின்பக்கம் போகவில்லை. என் முன்னாலேயே அழுதார்.

டிசம்பர் 19, வெள்ளி

மறுபடியும் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு, “அப்ப நான் எங்கன இருக்கட்டும்?” என்று கேட்டார். யோசனை கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

டிசம்பர் 20, சனி

சொல்லவில்லை. உட்கார்ந்து தாளை எழுதினேன். முப்பத்தொன்று போட்டார். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார். இன்றைக்கு முழுக்க நிம்மதியாக இருந்தார்.

டிசம்பர் 27, சனி

கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்திருந்தாள். மூன்று நாள் கூடவே இருந்து எல்லாம் பார்த்தாள். “நீ போ எப்சி. நான் எப்படியாவது ஓசூர்ல வச்சிப் பாத்துக்கிடுதேன்” என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளாகவே எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது மாடி, மாமியார், இரண்டு பிள்ளைகள், பூட்டி வைத்துவிட்டு அவள் போக வேண்டிய வேலை. அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

“வாரேன். ஆனா திங்கக்கெழம கோர்ட் இருக்கே” என்றார்.

பஸ் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு, “என்ன மன்னிச்சிரு” என்றாள். அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஜனவரி 5, திங்கள்

ஐதராபாத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் பெயர், என் படம், கல்லூரியின் பெயர். கல்லூரியின் படத்தை இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடுதி அறை ஜன்னலுக்கு வெளியே பாறைகள் தெரியுமாம். யாரோ எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமைக்குள் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டும்.

ஜனவரி 7, புதன்

லில்லி சித்தி தோசை மாவு கொண்டுவந்தாள். “ஏட்டி, நான் பாத்துக்கிடுதேன், நீ போ” என்றாள். சித்திக்கு அறுபத்தெட்டு வயது. முட்டு வலி. போன வாரம் அப்பா யாருக்கும் தெரியாமல் வெளியே போனபோது, சந்தை வரை தேடிப்போய் வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அதை நான் சொன்னதற்கு, “ஆமா” என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பூண்டு உரித்தோம்.

ஜனவரி 8, வியாழன்

இன்று மாலையோடு முடிகிறது.

காலையில் தாள் எழுதினேன். நாளெல்லாம் போனை மடியில் வைத்திருந்தேன். திறந்தேன், மூடினேன். நேரம் கடந்ததும் பச்சையாக இருந்த பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. ஐதராபாத் போக வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். அவரிடம்தான் இதைச் சொல்லி அழ முடியாது. மே மாதம் உள்ளூர் கல்லூரிக்கு மனுப் போடுவேன். நல்ல கல்லூரிதான். எனக்குத் துக்கமாக இருக்கிறது.

விளக்கு வைத்த பிறகு அப்பா, காலைத் தாளைத் திருத்த மறந்துபோச்சே என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையிலேயே திருத்தியிருந்தார். அந்தச் சிவப்பின் மேலேயே மறுபடி திருத்தினார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்து, கூட்டி, வட்டம் போட்டார். இருபத்தாறு.

“இப்படி எழுதுனா எவன்ட்டி ஒனக்கு எடம் தருவான்?” என்றார்.

“தர மாட்டாங்கப்பா.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“இதுக்குப் போயி அழுவாங்களா? கெடைக்கும்ட்டி. இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம். நான் எங்க போயிரப் போறேன்? ஒங்கூடத்தான இருக்கேன்” என்றார்.